வழியோரக் கற்களும் ஊராட்சியின் கடமையும்

மண்பாதைகளைத் தார்ச்சாலைகளாக்குவதும், குறுகிய சாலைகளை அகலப்படுத்துவதும் இன்று ஊராட்சிகளின் தலையாய பணிகளுள் ஒன்றாக விளங்குகின்றன. சாலை செம்மையுற்றால் பால் வண்டி காலத்தில் வரும். மணிலா மூட்டை தடையின்றி ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் சேரும். பேறுகால வேதனையுற்ற தாய் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைவாள். ஆகவே சாலைப் பணியின் அவசியத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இந்நற்பணி நடைபெறும் வேளையில், நாம் அறியாமலே இழந்துவிடும் பொருளொன்று உண்டு. சாலையோரத்தில் பாதி புதைந்து, சுண்ணாம்பும் பாசியும் படிந்து நிற்கும் பழைய கல்லே அது. மண் அள்ளும் இயந்திரத்தின் வாளி ஒருமுறை தாழ்ந்து எழுந்தால் போதும்; அக்கல் பெயர்ந்து ஓடைக்கரையில் வீழ்ந்துவிடும். அன்றேல் சிறுபாலத்தின் அடித்தளத்தில் சல்லியோடு சல்லியாகச் சேர்ந்துவிடும். அதன் பின்னர் அதனை மீட்க வழியே இல்லை.

செஞ்சியிலிருந்து வளத்தி வழியாக மேல்மலையனூர் செல்லும் சாலையை இப்பகுதி மக்கள் யாவரும் அறிவர். அமாவாசைதோறும் அங்காளம்மன் திருக்கோயிலின் ஊஞ்சல் உற்சவத்தைக் காண வரும் பெருங்கூட்டம் இச்சாலையிலும், இதனோடு வந்து கூடும் கிளைச்சாலைகளிலும் நிறைந்து செல்கிறது. இத்தகைய போக்குவரத்துக்கு அகலமான சாலைகள் வேண்டும் என்பதில் ஐயமில்லை. சாலையும் அகல வேண்டும். கல்லும் நிலைக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே கைகூடுவதற்கு, அக்கல் இன்னதென்று முதலில் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அதனை அறிந்துகொள்ளத் துணைசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் நட்ட வழிக்கற்கள்

வழியின் தொலைவைக் கல்லில் பொறித்து நடும் வழக்கத்தை வெள்ளையர்தாம் இந்நாட்டிற்குக் கொண்டுவந்தனர் எனப் பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. தருமபுரிப் பகுதியில் ‘அதியமான் பெருவழி’ என்னும் நெடுவழியில் நடப்பெற்ற கற்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இன்னும் இத்தனை காதம் என்று அவை அறிவிக்கின்றன. அவற்றுள் ஒன்றில் காணப்படும் தொலைவு 29 காதம். எழுத்தறியாத வழிப்போக்கனும் அத்தொலைவை அறியும் பொருட்டு, கல்லின் கீழ்ப்பகுதியில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். விரலால் தடவிப் பார்த்தே, இருளிலும் தொலைவை அறிந்துகொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் மனத்திற் கொண்டு அறிவிப்பு செய்த அக்காலத்தாரின் பண்பு, இன்று அறிவிப்புப் பலகை வைக்கும் நமக்கும் ஒரு பாடமாகும்.

வழியோடு தொடர்புடைய மற்றொரு கல் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் உயிர் நீத்த பெண்ணின் நினைவாக, இரு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைக்கும் வழக்கம் தமிழகமெங்கும் இருந்து வந்தது. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு அது பயன்பட்டது. இன்று தலைச்சுமை வியாபாரம் அருகிவிட்டது. எனினும் சுமைதாங்கி நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் மக்கள் நடந்து சென்ற வழி என்பதற்கு அதுவே சான்றாகும். அண்டையிலுள்ள செங்கம் வட்டாரத்தில், ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் உயிர்விட்ட வீரர்களுக்கு எடுக்கப்பட்ட நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. வயல்வெளியில் கேட்பாரற்றுக் கிடந்த அக்கற்களைப் படித்ததன் பயனாகவே, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியின் ஊர்கள் எவ்வாறு இருந்தன என்பது நமக்குத் தெரியவந்தது.

மைல்கல்லைப் படிக்கும் முறை

இனி, கம்பெனி ஆட்சிக்காலத்திலும் அதன் பின்னர் நடந்த பிரிட்டிஷ் ஆட்சியிலும் நடப்பட்ட மைல்கற்களுக்கு வருவோம். படைகள் ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடக்கும், தபால் ஓட்டக்காரன் எத்தனை நாழிகையில் அடுத்த சாவடியை அடைவான், சாலையைச் செப்பனிடும் ஒப்பந்தக்காரருக்கு எத்தனை மைலுக்குக் கூலி கணக்கிடுவது என்பனவெல்லாம் தொலைவை அளந்து நட்ட கற்களைக் கொண்டே முடிவு செய்யப்பட்டன.

எஞ்சியுள்ள பழைய மைல்கற்கள் சிலவற்றில் எண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. உரோமானிய எண், தமிழ் எண், அரபு எழுத்துமுறையிலமைந்த எண் ஆகியவற்றை ஒரே கல்லில் காணலாம். அதிகாரிக்கு ஒன்று, ஊராருக்கு ஒன்று, நவாபு ஆட்சியின் எழுத்து வழக்கிற்குப் பழகியவருக்கு ஒன்று என அவை அமைந்தன. இன்றைய இளைஞர் பலருக்குத் தமிழ் எண்கள் பழக்கமில்லாததால், கல்லில் உள்ளதை ஏதோ மந்திர எழுத்து என்று எண்ணி மஞ்சள் பூசி வழிபடுவதும் உண்டு. புதையல் இருக்கும் இடத்தைக் காட்டும் குறி என்று எண்ணித் தோண்டுவதும் உண்டு. இரண்டுமே அறியாமையின் விளைவுகள்.

தமிழ் எண்களை அறிவது எளிது. ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்பவை ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்கள். ௰ என்பது பத்து. ௱ என்பது நூறு. பழைய முறைப்படி இருபத்து மூன்று என்பதை ௨௰௩ என எழுதுவர். அதாவது ‘இரண்டு பத்து மூன்று’ என்று பொருள். இதனையே உரோமானிய முறையில் எழுதினால், பெருக்கற்குறி போன்ற பத்தின் குறியை இருமுறை எழுதி, அதன் பக்கத்தில் மூன்று நேர்கோடுகள் இடுவர். இவ்வளவு தெரிந்தால், கல்லில் உள்ள எண்ணை ஐந்தாம் வகுப்பு மாணவனும் படித்துவிடலாம். பள்ளி ஆசிரியர்கள் ஒரு நாள் மாலையில் மாணவர்களைச் சாலைக்கு அழைத்துச் சென்று இதனைக் கற்பித்தல் நன்று.

ஒரு மைல் என்பது எட்டுப் பர்லாங்கு; இன்றைய அளவில் 1.609 கிலோமீட்டர். 1956ஆம் ஆண்டில் எடை அளவுகளைப் பற்றிய சட்டம் நிறைவேறிய பின்னர், மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மைல்கற்கள் அகற்றப்பட்டுக் கிலோமீட்டர் கற்கள் நடப்பட்டன. ஒரு பர்லாங்கு என்பது 201 மீட்டருக்குச் சற்று மேல். இன்று நாம் இருநூறு மீட்டருக்கு ஒரு சிறு கல் நடுகிறோம். ஆகவே பர்லாங்குக் கல் போய் மீட்டர் கல் வந்தபோதும், சாலையைப் பார்வையிடும் மேற்பார்வையாளரின் கண்ணுக்குக் கற்களின் இடைவெளி ஏறத்தாழ மாறவே இல்லை. கல்லின் தலையில் மஞ்சள் வண்ணம் இருப்பின் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சை வண்ணம் மாநில நெடுஞ்சாலை. செம்மஞ்சள் வண்ணம் கிராமச் சாலை. பேருந்திலிருந்து பார்த்தே இவ்வேறுபாட்டை அறியலாம்.

கல் நட்டு நினைவு காத்த ஒரு வழி

தொலைவைக் காட்டும் கல் ஒருவகை. ஒரு வழியில் நடந்த வரலாற்றை நினைவூட்ட, பிற்காலத்தார் நடும் கல் மற்றொரு வகை. இவ்வகையில் உலகில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அந்நாடு ஆங்கிலேயரின் குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபடப் போராடிய காலம். பாஸ்டன் நகரத்தை ஆங்கிலப் படை பிடித்து வைத்திருந்தது. விடுதலைப் படையிடம் பீரங்கிகள் போதவில்லை. அப்போது ஹென்றி நாக்ஸ் என்னும் இளைஞர், தொலைவிலிருந்த டைகாண்டரோகா கோட்டையிலிருந்து 59 பீரங்கிகளை, 1775–76ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஏறத்தாழ முந்நூறு மைல் தொலைவு இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். அவற்றின் எடை ஏறத்தாழ அறுபது டன். பனியின்மீது சறுக்கு வண்டிகளில் அவற்றை ஏற்றி, எருதுகளையும் குதிரைகளையும் பூட்டி, உறைந்த ஆறுகளைக் கடந்து வந்தனர். அப்பீரங்கிகள் குன்றின்மேல் ஏற்றப்பட்டதைக் கண்ட ஆங்கிலப் படை, 1776 மார்ச்சு 17ஆம் நாள் பாஸ்டனை விட்டு வெளியேறியது. வண்டி மாடு ஓட்டிப் பழகிய நம் விவசாயிகளுக்கு இவ்வுழைப்பின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1926–27ஆம் ஆண்டுகளில், நியூயார்க்கு, மசாசூசட்சு ஆகிய இரு மாநிலங்களும் அவ்வழி நெடுகக் கற்களை நட்டு, அவற்றில் வெண்கலத் தகடுகளைப் பதித்தன. சிற்றூர்களின் சாலையோரங்களில் அக்கற்களை இன்றும் காணலாம். இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாக்ஸ் சென்ற வழியைப்பற்றிப் புதிய சான்றுகள் பின்னர்க் கிடைத்தமையால், 1975ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநிலத்தில் சில கற்கள் பெயர்த்து எடுக்கப்பட்டு, மெய்யான வழியில் மீண்டும் நடப்பட்டன. ஐம்பது ஆண்டுகளாக ‘எங்கள் ஊர் வழியாகச் சென்றார்’ என்று பெருமை பேசிய ஊர்களும், உண்மையின் பொருட்டுத் தம் கல்லை விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

உப்புக்காக நடந்த வழி

நம் தமிழகத்தில் இத்தகைய நினைவு வழி எது என்று கேட்பின், திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை சென்ற உப்புச் சத்தியாக்கிரக வழியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காந்தியடிகள் 1930 மார்ச்சு 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 240 மைல் நடந்து, ஏப்ரல் 6ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். அதனையொட்டி இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடக்கத் தொடங்கினர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடந்து, ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்தனர். ஏப்ரல் 30ஆம் நாள் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பெடுத்து இராஜாஜி கைதானார்.

இவ்வரலாற்றில் தலைவர்களின் பங்கை நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. கிராம மக்களின் பங்கே நாம் ஆழ்ந்து நினைக்கத்தக்கது. அக்காலத்தில் தஞ்சை மாவட்டக் கலெக்டராயிருந்த தார்ன், சத்தியாக்கிரகிகளுக்கு உணவோ இடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் என்று எச்சரிக்கை விடுத்தார். சோறிடுவது குற்றம் என்று சட்டம் சொன்னபோது, தஞ்சைத் தரணி மக்கள் செய்தது என்ன? சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். யார் கட்டினார், யாருக்காகக் கட்டினார் என்பதை எந்தக் காவலரும் மெய்ப்பிக்க இயலவில்லை. நடந்து வந்தவர்கள் பசியாறினர். வந்த விருந்தினருக்குச் சோறில்லை என்று சொல்லாத ஊர்களின் பெயர்தான் அவ்வழியின் உண்மையான வரலாறு.

வேதாரண்யத்தில் வைரப்பன் என்னும் நாவிதத் தொழிலாளி, தம்மிடம் முகச்சவரத்திற்கு வந்தவர் சத்தியாக்கிரகிகளை ஒடுக்க வந்த காவலர் என்பதை அறிந்ததும், சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்றார். அவருக்கும் அவ்வூரில் நினைவுத் தூண் எழுப்பப்பட்டுள்ளது. அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்த இடத்தில் நிற்கும் நினைவுத் தூணைக் காண்பவர், இத்தூணையும் காணுதல் வேண்டும். அரசனுக்கும் தளபதிக்கும் மட்டுமன்றி, எளிய தொழிலாளி ஒருவருக்கும் கல் எழுப்பத் தெரிந்த சமுதாயமே குடியாட்சிக்குத் தகுதியுடையது.

பாதையைக் கல் காக்கும். அப்பாதையில் மக்கள் நடப்பதே கல்லைக் காக்கும். சத்தியாக்கிரகத்தின் நினைவாகத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு மக்கள் நடந்து செல்லும் வழக்கம் இவ்வகையில் போற்றத்தக்கது.

செஞ்சியும் கல்லில் எழுதும் உண்மையும்

செஞ்சிப் பகுதி ஊராட்சிகளுக்கு இப்பொருள் இன்று புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2025 ஜூலை மாதத்தில், ‘மராத்தியர் படைத்துறை நிலப்பகுதிகள்’ என்னும் தொகுப்பில் உள்ள பன்னிரண்டு கோட்டைகளை யுனெசுகோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராட்டிர மாநிலத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் சுற்றி வளைத்து நிற்கும் அதன் மதில்களைக் காண வருவோர், சுற்றியுள்ள கிராமங்களின் வழியாகவே வரவேண்டும்.

இக்கோட்டைக்கு வரும் வழிகளில் எத்தனையோ படைகள் நடந்துள்ளன. 1677ஆம் ஆண்டில் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகர்கான் இதனை முற்றுகையிட்டார். 1714ஆம் ஆண்டில் இராஜா தேசிங்கு, ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டார். 1750ஆம் ஆண்டு செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை இரவோடிரவாகக் கோட்டையைப் பிடித்தது. 1761ஆம் ஆண்டில், புதுச்சேரி வீழ்ந்த பின்னர், ஆங்கிலேயரிடம் இது சரணடைந்தது. இப்படைகளுக்கெல்லாம் தானியமும் வைக்கோலும் வண்டி மாடும் தந்தவை, தர மறுத்துச் சூறையாடப்பட்டவை, சுற்றியிருந்த கிராமங்களே ஆகும்.

ஆதலின், ‘எங்கள் ஊர் வழியாகத்தான் படை சென்றது, எங்கள் ஊரிலும் ஒரு கல் நட வேண்டும்’ என்னும் ஆர்வம் எழுவது இயல்பே. அவ்வார்வம் வரவேற்கத்தக்கது. ஆனால் இங்குதான் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். தேசிங்கின் கதை இப்பகுதியில் பாட்டாகவும் கூத்தாகவும் வழங்கி வருகிறது. அவன் குதிரை தாவிய இடம், நீர் அருந்திய குளம், தோழன் மகமத்கான் வீழ்ந்த இடம் என்று பல ஊர்களில் முதியோர் காட்டுவர். இவை மக்கள் போற்றி வந்த செல்வங்கள், இகழத்தக்கவை அல்ல. எனினும் கதை வேறு, சான்று வேறு. கூத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம்; கல்லில் வெட்டிய பிழையை உளி கொண்டும் அழிக்க இயலாது. ஐம்பது ஆண்டுகள் சென்றபின், அக்கல்லையே சான்றாகக் காட்டிப் பிறர் நூல் எழுதிவிடுவர்.

இதற்கு எளிய வழி உண்டு. ஆவணத்தால் உறுதிப்பட்டதை ஆண்டோடு எழுதுக. ஊரார் வழிவழியாகக் கூறுவதை, ‘இவ்விடம் இன்னதென்பது ஊர் வழக்கு’ என்றே எழுதுக. இவ்வொரு சொல்லால் ஊரின் பெருமை சிறிதும் குறையாது. படிப்பவரின் நம்பிக்கையோ வளரும். முன்னர்க் குறித்த அமெரிக்க மாநிலத்தைப் போல, நட்ட கல்லைப் பெயர்க்கும் நிலையும் நேராது.

வரப்பில் நிற்கும் கல்

வரலாற்றுக் கல்லைப்பற்றிய பேச்சு நமக்கெதற்கு என்று எண்ணும் விவசாயியும், தம் வயல் வரப்பில் நிற்கும் அளவைக் கல்லைப்பற்றி அவ்வாறு எண்ணமாட்டார். அதுவும் கம்பெனி காலத்தில் தொடங்கிய அளவைப் பணியின் வழிவந்ததே.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பவர், சென்னைப் பரங்கிமலையின் அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, இந்நாட்டின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள கோணமானியைக் குன்றுகளின் மேலும் கோபுரங்களின் மேலும் ஏற்றி, அளந்துகொண்டே சென்றனர். 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, அக்கருவி சேதமுற்றது. லாம்டன் அதனைத் தாமே செப்பனிட்டு, வேலையைத் தொடர்ந்தார். பின்னர் 1858ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தில் கிராமந்தோறும் புலந்தோறும் வருவாய் நில அளவை நடைபெற்று, எல்லைக் கற்கள் நடப்பட்டன. நம் ‘அ’ பதிவேடும், புலப்படமும், சர்வே எண்ணும் அவ்வழியில் வந்தவையே.

அந்நாளைய அளவைச் சங்கிலி 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் உடையது. எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எனவே சாலையோரத்து மைல்கல்லும் வயல் வரப்பின் எல்லைக்கல்லும் ஒரே சங்கிலியின் கணக்கில் அடங்குவன. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி; ஓர் ஏர், அதாவது நூறு சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். பட்டாவில் ஏர் என்று எழுதியிருப்பதைச் சென்டாக மாற்றத் தெரியாமல் ஐயுறுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்க.

1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, தம் நிலத்திலும் அதன் எல்லையிலும் உள்ள அளவைக் கற்களைப் பழுதின்றிப் பேணுதல் பதிவுபெற்ற நில உடைமையாளரின் கடமையாகும். தவறின், அரசு அதனைப் புதுப்பித்து, அதற்காகும் செலவை அவரிடமிருந்தே வசூலிக்கலாம். அரசு நட்ட எல்லைக் குறியைக் கெடுப்பது குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. உழுகின்ற டிராக்டருக்கு இடையூறு என்று கல்லைப் பிடுங்கி வரப்பில் போடுவது, பிற்காலத்தில் அண்ணன் தம்பி வழக்கிற்கு வித்திடுவதாகும். கல் இருந்த இடத்தில் இருந்தால், நில அளவர் அரை நாளில் எல்லையைக் காட்டிவிடுவார். அது இல்லையேல், அடுத்த புலத்திலிருந்து, அதற்கும் அடுத்த புலத்திலிருந்து அளந்து வரவேண்டும். அதற்குள் இரு குடும்பங்களும் நீதிமன்ற வாயிலில் நின்றுவிடும்.

இதனினும் பெரிது, ஊருக்குப் பொதுவான பாதை. பழைய வண்டிப்பாதை பல புலப்படத்தில் புறம்போக்காகக் காட்டப்பட்டிருக்கும். தரையிலோ அது இருபுற நிலங்களிலும் கரைந்து மறைந்திருக்கும். அறுவடை இயந்திரம் உள்ளே செல்ல வழியின்றி, நடு வயலுக்குரியவர் அண்டை நிலத்தாரின் தயவை நாடி நிற்பார். அத்தகைய இடத்தில் பழைய மைல்கல்லோ, சுமைதாங்கியோ, எல்லைக்கல்லோ ஒன்று நின்றால், பாதை சென்ற திசையை முதியோரும் இளையோரும் ஒருங்கே ஒப்புக்கொள்ள அது துணை நிற்கும். கல் மறைந்த இடத்தில் பாதையும் மறைந்துவிடுகிறது என்பது களப்பணியில் காணும் உண்மை.

ஊராட்சி செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை மனத்திற் கொண்டு, ஒவ்வோர் ஊராட்சியும் கீழ்க்கண்டவற்றை நிறைவேற்றலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை.

1. சாலைப் பணி தொடங்குமுன், ஊராட்சித் தலைவரும், வார்டு உறுப்பினரும், கிராம நிர்வாக அலுவலரும், ஊர் முதியோர் இருவரும் சாலை நெடுக ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். காணும் பழைய கற்களை ஒரு பதிவேட்டில் எழுதி, புகைப்படம் எடுத்து வைத்தல் வேண்டும். கல்லின் உயரம், எழுத்துள்ள பக்கம், சாலை நடுவிலிருந்து அதன் தொலைவு, அருகிலுள்ள சர்வே எண் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

2. அப்பட்டியலை ஒன்றியப் பொறியாளரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் அளித்து, இயந்திரம் இறங்குமுன் ஒவ்வொரு கல்லையும் சுற்றிக் கழி நட்டுக் கயிறு கட்டிவிடுதல் வேண்டும். இயந்திரம் ஓட்டுபவருக்கு நேரில் காட்டினாலன்றிக் காகிதத்தால் பயனில்லை.

3. கல்லை நகர்த்தியே ஆகவேண்டிய நிலை வரின், அது இருந்த இடத்தை அளந்து குறித்த பின்னரே, அதே நேரில், வடிகாலுக்கு அப்பால் நடுதல் வேண்டும். அளவைக் கல்லாயின் நில அளவர் இன்றித் தொடலாகாது. எழுத்துள்ள பழங்கல்லாயின் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

4. கல்லின்மேல் எண்ணெய் வண்ணம் பூசுதல், அமிலமிட்டுக் கழுவுதல், எழுத்தை உளியால் ஆழப்படுத்துதல் ஆகியவை கூடா. தூய நீரும் தென்னை நாரும் போதும். விளம்பரத் தாள் ஒட்டவும் விடலாகாது.

5. மண்ணுக்கடியிலிருந்து பழம்பொருள் எதுவும் வெளிப்பட்டால், வேலையை நிறுத்தி, வருவாய்த் துறைக்கு அறிவித்தல் வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இதனைக் கடமையாக்கியுள்ளது. அறிவிப்பவருக்கு இதனால் தீங்கு நேரும் என்று அஞ்ச வேண்டுவதில்லை, மறைப்பவருக்கே தண்டனை.

6. செஞ்சிக் கோட்டை போன்ற மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களின் எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் வரை முன் அனுமதி பெறவேண்டும். நினைவுக் கல்லோ, வளைவோ அமைக்க விரும்பும் ஊராட்சிகள் முதலில் இந்திய அரசின் தொல்லியல் துறையைக் கலந்துகொள்க.

7. புதிதாகக் கல் நடுவதாயின், உள்ளூர்க் கருங்கல்லே சிறந்தது. மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இறங்குமாறு நடுக. வண்ணம் போனாலும் படிக்கக்கூடியவாறு எழுத்துகளை ஆழ வெட்டச் செய்க. வளைவுகளில் ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் இடத்தில் நடலாகாது. ஊரின் பெயர், நிகழ்ச்சி, ஆண்டு ஆகிய மூன்றும் போதும்; நட்டவர் பெயர்ப் பட்டியல் நிகழ்ச்சியை விட நீளமாதல் அழகன்று.

8. நடவிருக்கும் கல்லின் வாசகத்தை முன்னரே கிராம சபையில் படித்துக் காட்டுதல் வேண்டும். பிழையோ, ஒருதலைச் சார்போ இருப்பின் ஊரார் அங்கேயே திருத்துவர். பத்துப்பேர் திருத்திய வாசகத்தை எவரும் பின்னர் உடைக்க நினையார்.

தூர்ந்த ஏரியைத் தூர்வாரலாம். இடிந்த பள்ளியை மீண்டும் கட்டலாம். பட்ட மரத்திற்குப் பதில் வேறொன்று நடலாம். பெயர்ந்து தொலைந்த கல்வெட்டை மட்டும் எந்தத் திட்டத்தின் நிதியாலும் மீண்டும் பெற இயலாது. அடுத்த சாலைப் பணிக்கான மதிப்பீடு தயாராகும் முன்னரே, ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள கற்களின் பட்டியலைத் தயாரித்து, வரும் கிராம சபைக் கூட்டத்தில் பதிவு செய்யுமாயின், அது நம் பின்னோருக்கு நாம் செய்யும் சிறந்த தொண்டாகும். அண்டை வயலாரிடையே அமைதி, ஊருக்குப் பொதுப்பாதை, பிள்ளைகளுக்கு மெய்யான வரலாறு ஆகிய மூன்றையும் ஒருங்கே அளிக்கவல்ல பணி இது. ஊராட்சிகள் இதனை ஏற்று நடத்துவனவாக.